கேட்டுக்கொண்டவள்

மற்றவர்கள் படம் பார்க்கத் திரையரங்குக்குப் போவார்கள். அவள் படம் விட்டு வருகிறவர்களைப் பார்க்கப் போவாள். நாகர்கோவிலில் நாங்கள் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் என்னையும் அழைத்துக்கொண்டு, காட்சி முடிவதற்குச் சற்று முன்பே திரையரங்கின் வண்டி நிறுத்தும் இடத்தருகே போய் நின்றுவிடுவாள். கதவுகள் திறக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருகிற அந்த முதல் சில நொடிகளில் மனிதர்கள் பொய் சொல்வதில்லை என்பது அவள் கணிப்பு. வண்டிச் சாவியைத் துழாவுகிற யாராவது ஒருவரிடம், பலநாள் பழகியவளைப் போல, "எப்படி அண்ணே இருக்கு?" என்பாள்.

ஒருவரும் அவளுக்குப் பதில் சொல்லாமல் போனதில்லை. ஒரு முறை பருத்த மனிதர் ஒருவர், படம் கொள்ளாம் என்றும், கொன்றது தம்பிக்காரன்தான் என்பது தமக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்றும் சொன்னார். அருகில் நின்ற அவர் மனைவி முந்தானையைச் சரிசெய்தபடி, "தெரிஞ்சா பொறவு என்னத்துக்கு எனக்க கையப் பிடிச்சிய?" என்றாள். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அவள் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

'கொள்ளாம்' என்பது எங்கள் மாவட்டத்துச் சொல். நன்று, பரவாயில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை என்ற மூன்று பொருளையும் அது தாங்கும். சமைத்த கறிக்கும் சொல்வோம், பார்த்த பெண்ணுக்கும் சொல்வோம், கேட்ட பிரசங்கத்துக்கும் சொல்வோம். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்தவை எல்லாம் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நடந்தன.

கொலைப் படங்கள், அதிலும் கடைசியில் கொலைகாரன் யார் என்று திருப்பிப் போடுகிற படங்கள் வந்தால் அவளுக்குத் திருவிழா. அந்தப் படங்களை அவள் விரும்பினாள் என்று சொல்ல முடியாது. பல படங்களை அவள் பார்த்ததே இல்லை. படத்தைப் பற்றி ஆட்கள் சொல்வதைத்தான் விரும்பினாள். ஏமாந்தவன் கோபப்படுவான், ஏமாறாதவன் பெருமைப்படுவான், இரண்டு பேருமே தங்களை அறியாமல் வீட்டுக் கதையை உளறிவிடுவார்கள் என்பாள்.

"திருப்பம் படத்துல இல்ல மக்கா. நான் ஏமாந்துட்டேன்னு ஒருத்தன் ஒத்துக்கிடுதானா இல்லியாங்கதுலயாக்கும் இருக்கு."

அவளுடைய அபிப்பிராயத்தை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வற்புறுத்திக் கேட்டால், "எனக்க அபிப்பிராயத்த வச்சு ஆருக்கு என்ன? நீ சொல்லு" என்பாள். நான் சொல்வேன். மற்றவர்களிடம் நான் பேசுவது குறைவு. வகுப்பில் பேராசிரியர் பெயர் சொல்லி எழுப்பினால் மட்டுமே வாய் திறப்பேன். ஆனால் அவள் முன்னால் எனக்குச் சொற்கள் வந்தன. அதை அப்போது நட்பு என்று நினைத்தேன்.

அவள் தமிழ்த்துறையில் ஆய்வு மாணவி. நான் முதுகலை முதலாண்டு. அவள் ஊர் தேங்காய்ப்பட்டணம், துறைமுகத்தருகே வீடு. குள்ளமான உருவம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை, எப்போதும் ஒரே சாம்பல் நிறத் துப்பட்டா. யாராவது பேசத் தொடங்கினால் மென்றுகொண்டிருப்பதை நிறுத்திவிடுவாள். உணவகத்தில் அவள் முன்னால் ரசவடை ஊறி ஊறிக் கரைந்து போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க மாட்டாள். வாயைப் பார்ப்பாள். எதையும் எழுதிவைக்கவும் மாட்டாள். பேச்சு தடைபடும் இடத்தில், மிக மெல்ல, "பொறவு?" என்பாள். அவ்வளவுதான். பேருந்து நடத்துநரும், காய்கறிக்காரியும், எங்கள் விடுதிக் காப்பாளரான கடுகடுத்த அம்மையாரும் அந்த ஒரு சொல்லுக்கு இடிந்து விழுந்து எல்லாவற்றையும் கொட்டினார்கள்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னாள். தன்னைப் பற்றி அவள் சொன்னதும் அந்த ஒரு முறைதான். அப்பா வளைகுடாவில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் அழைப்பார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இவளைக் கூப்பிட்டு, ஊரில் என்ன விசேஷம் என்று கேட்பார். சொல்லச் சொல்ல, அங்கிருந்து "பொறவு?" என்பார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் பேச்சு முடிந்துபோகும். அப்பாவின் குரல் நிற்காமல் இருப்பதற்காக அந்தச் சிறுமி வாரம் முழுக்க ஊரெல்லாம் அலைந்து கதை சேர்த்திருக்கிறாள். இதைச் சொன்னபோது அவள் குரலில் துயரம் எதுவும் இல்லை. இப்போதும், இவ்வளவுக்குப் பிறகும், அந்தச் சிறுமியின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

கோபம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று அப்போதே இருந்தது. துறைவிழாவில் அவள் எழுதிய சிறு நாடகம் அரங்கேறியது. அதில் ஒரு வேடிக்கைக்காரி வருவாள். நிச்சயம் செய்து நின்றுபோன கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்து, அதன்மேல் இருபது வருஷமாகத் தூங்குகிறவள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த எங்கள் விடுதிக் காப்பாளரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு, நாடகம் முடியுமுன்னே, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அன்று நான் அவளிடம், பாத்திரம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள், "வார்டன் எந்த எடத்துல எந்திச்சுப் போனாவ, பாத்தியா?" என்று கேட்டாள். நான் பார்த்ததைச் சொன்னேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நெய்யூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தன் அம்மா கொடுத்துவிட்டதாகச் சொல்லி, பனிக்கட்டியில் பொதிந்த நெய்மீன் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மாமாவும். மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் ரப்பர் மரங்களில் பால் எடுப்பார். மீதி நாளில் அவர் செய்கிற வேலையைப் பற்றி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச அம்மா அனுமதித்ததில்லை.

ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ ஆண் யாராவது மரித்துப்போனால் மாமாவுக்கு ஆள் வரும். உடலைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, சட்டை போட்டு, தலை வாரிப் பெட்டிக்குள் கிடத்துவது அவர் பொறுப்பு. காசு வாங்க மாட்டார். சாயாகூடக் குடிக்க மாட்டார். அவர் கை பட்டால் மரித்தவர் தூங்குகிறவரைப் போல் இருப்பார் என்று சொல்வார்கள். அதைவிட முக்கியமானது, அவர் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். "பாட்டா, கையக் கொஞ்சம் தூக்குதேன், கேட்டியளா" என்பார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் நிற்பார். பிறகுதான் தூக்குவார். நகத்துக்கும் அப்படித்தான், பொத்தானுக்கும் அப்படித்தான். எல்லாம் முடிந்ததும் ஓர் அடி பின்னால் தள்ளி நின்று பார்த்து, "கொள்ளாம்" என்பார். அந்தச் சொல் கேட்டதும் வீட்டுப் பெண்களின் அழுகை கொஞ்சம் தணியும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் அவளுக்கு நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. சாப்பிட்டு முடித்து அம்மா அடுக்களைக்குள் போனதும், அவள் மாமாவின் விரல்களைப் பார்த்து, "நகம் என்ன வடிவா வெட்டியிருக்கிய மாமா" என்றாள். மாமா வெட்கப்பட்டுக் கையை மடக்கினார். பிறகு பேசத் தொடங்கினார். அவ்வளவு சொற்கள் அவருக்குள் இருந்தன என்பதே எனக்குத் தெரியாது. முதல் முதலாகத் தம் அப்பாவைக் குளிப்பாட்டியதை, விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்கிற விதத்தை, வெட்டிய நகத்தைக் குப்பையில் போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவதை எல்லாம் சொன்னார். கேட்டுவிட்டுத் தொடுவது ஏன் என்று அவள் கேட்டாள்.

"அவியளுக்கு இனி வேண்டாம்னு சொல்ல ஒக்காது இல்லியா மோளே. அப்பம் நாமதானே கேக்கணும்."

அவள் கண்ணை மாமாவின் வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாலையில் மாமாவின் முகம் இருந்ததைப் போல நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அடுத்த நாள் காலை மேலத்தெருவில் ஒரு முதியவர் மரித்துப்போனார். தானும் வருவதாக அவள் சொன்னாள். மாமா தயங்கிவிட்டு அழைத்துப்போனார். நான் போகவில்லை. திரும்பி வந்தவள் காலைக் கழுவிவிட்டு முற்றத்துப் படியில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனத்தைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனாள். ஒரு திரைப்பட இயக்குநரிடம் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்தும் எங்களை மறக்கவில்லை. இரண்டொரு முறை என்னைக் கைப்பேசியில் அழைத்து, மாமாவிடம் கொடுக்கச் சொன்னாள். சட்டை போடும்போது என்ன சொல்வீர்கள், வேட்டிக்கு என்ன சொல்வீர்கள், இளவயது ஆள் என்றால் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். மாமா ஒலிபெருக்கியில் போட்ட கைப்பேசியைக் கையில் ஏந்தியபடி, போதகருக்குப் பதில் சொல்கிற கவனத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிவில், "சினிமாவுக்கா மோளே?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. சும்மா, தெரிஞ்சு வைக்கதுக்கு."

நான் அருகில்தான் இருந்தேன். அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

படம் வந்தது. துறையில் பத்துப் பேராகச் சேர்ந்து முதல் காட்சிக்குப் போனோம். தொடக்கத்தில் நன்றி சொல்லும் பெயர்களுக்கிடையே, வட்டார வழக்கு என்பதற்குக் கீழே அவள் பெயர் வந்தபோது விசில் அடித்தோம். நானும் அடித்தேன்.

கதை இதுதான். மாநிலத்தின் பல ஊர்களில் ஆட்கள் கொல்லப்படுகிறார்கள். உடல்கள் எல்லாம் ஒரே விதமாகக் கிடைக்கின்றன. குளிப்பாட்டி, நகம் வெட்டி, தலை வாரி, கையைக் கட்டிவைத்து. ஓர் இறந்தவனின் கைப்பேசியில் கொலைகாரனின் முணுமுணுப்பு பதிவாகியிருக்கிறது. சென்னைக் காவல்துறை அதைக் 'கொல்லாம்' என்று எழுதிக்கொள்கிறது. கொல்லலாம் என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும் மனநோயாளி என்று முடிவு செய்து, அந்த வழியில் பாதிப் படம் போகிறது. கடைசியில், எங்கள் மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் காவலர் அந்தப் பதிவைக் கேட்கிறாள். "மேடம், இது கொல்லாம் இல்ல. கொள்ளாம். நல்லாருக்குன்னு அர்த்தம்" என்கிறாள். உடனே திரை, படம் முழுக்க எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த பிணவறை உதவியாளரின் பக்கம் திரும்புகிறது. சாதுவான, நடுவயதான, கல்யாணமாகாத மனிதன். நெய்யூர்ப் பக்கத்துக்காரன்.

வடக்கே இந்த இடத்தில் திரையரங்குகள் அதிர்ந்தனவாம். எங்கள் திரையரங்கில் அதிரவில்லை. இடைவேளைக்கு முன்பு அந்தப் பதிவு முதன்முறை ஒலித்தபோதே பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏலே, இவன் நம்ம ஊர்க்காரனாக்கும்" என்றான். அரங்கமே சிரித்தது. லகரமும் ளகரமும் வேறு வேறு என்று காதுக்குத் தெரிந்தவர்களிடம் அந்தத் திருப்பம் செல்லவில்லை. எங்கள் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வடக்கே அது திருப்பம். தெற்கே, முதல் பாதியிலேயே அவிழ்ந்துபோன முடிச்சு.

எனக்கு அதுவும் தோன்றவில்லை. நான் வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தேன். கொலைகாரன் இறந்தவனின் கையருகே குனிந்து, "கையக் கொஞ்சம் தூக்குதேன், கேட்டியளா" என்கிறான். ஒரு மூச்சு நேரம் நிற்கிறான். அந்த மூச்சுக்குக் கீழே தாழ்ந்த சுருதியில் இசை. முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவனின் தோளில் முகம் புதைத்தாள்.

வெளியே வந்ததும் என் கால்கள் வண்டி நிறுத்தும் இடத்தருகே தாமாகவே நின்றன. ஆட்கள் சொல்வது காதில் விழுந்துகொண்டே இருந்தது. இவ்வளவு பயந்ததே இல்லை என்றாள் ஒருத்தி. முடிவு சப்பென்று இருக்கிறது, நமக்குத்தான் முன்னமே தெரியுமே என்றார் ஒருவர். நம்ம பேச்சைச் சினிமாவில் கொலைகாரனுக்குத்தான் கொடுப்பார்களா என்று ஒரு பெரியவர் எரிச்சலாகக் கேட்டார். அதற்கு அவர் மகன், காவலரும் நம்ம ஊர்தானே அப்பா, சமமாயிற்று என்றான். ஒலிவாங்கியோடு நின்ற யூடியூப் இளைஞன் என் வகுப்புத் தோழியிடம் கேட்டான். "அந்தக் 'கேட்டியளா' சீன் இருக்கே, செம. கொலைகாரனுக்கு இவ்வளவு மரியாதையா! யோசிச்சவங்களுக்கு ஒரு சல்யூட்" என்றாள் அவள். ஒலிவாங்கி என் பக்கம் வந்தது. நான் விலகி நடந்தேன்.

அந்த வாரம் முழுவதும் கைப்பேசியில் அதே அபிப்பிராயம் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டு வந்தது. இப்படி ஒரு பழக்கத்தை எப்படிக் கற்பனை செய்தார்களோ என்று வியந்தார்கள். யாரும் கற்பனை செய்யவில்லை என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். பிறகு எங்கள் சபை வாலிபர் குழுவில் கொலைகாரனின் படத்தைப் போட்டு, நம்ம மாமாவை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று ஒருவன் எழுதினான். அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன.

மாமாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அவருக்கு ஒன்றும் தெரியாது. சந்திப்பில் நிற்கும் பையன்கள் அவரைக் கண்டால், "கேட்டியளா" என்று இழுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். தம்மைத்தான் அன்பாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "கேட்டேன் மக்களே" என்று கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மரித்தபோது யாரும் வந்து அழைக்கவில்லை. ஆள் வர மறந்திருக்கும் என்று மாமா தாமே போனார். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகள் வாசலிலேயே எதிர்கொண்டு, ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் செய்துவிட்டார்கள் என்றாள். திறந்திருந்த கதவு வழியே, இரண்டு வாலிபர்கள் சட்டைக் கையோடு மல்லாடிக்கொண்டிருந்தது தெரிந்தது. மாமா பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், சட்டையின் முதுகைக் கிழித்துப் போட்டிருந்தால் எளிதாக ஏறியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அம்மா படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். படம் கைப்பேசிக்கு வந்தபோது நான் போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. சிறிய திரையை எட்டப் பிடித்துக்கொண்டு, அசையாமல் பார்த்தார். அந்தக் காட்சி வந்தபோது, "இவன் ஆருட்ட மோளே கேக்கான்? கொன்னது இவந்தானே?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். முடிந்ததும் பெயர்களைப் பார்க்க வேண்டும் என்றார். தொடக்கத்துக்குத் தள்ளி, அவள் பெயரில் நிறுத்திக் காட்டினேன்.

"அந்தப் பிள்ள ஒண்ணுவிடாம எல்லாத்தையும் ஓர்மை வச்சிருக்கு, பாத்தியா" என்றார். அதில் பாராட்டு எவ்வளவு, வேறு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கொள்ளாம் என்று அவர் சொல்லவில்லை. அதன்பிறகு எதற்கும் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

இன்னொரு மரிச்ச வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாமா அலமாரியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து உடுத்திக்கொண்டு போனார். அம்மாவும் கூடப் போனாள். உள்ளே நுழையும்போது மரித்தவரின் மகன் மாமாவின் தோளைத் தொட்டு நிறுத்தினான். "மாமா, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. பேசாம மட்டும் செஞ்சிருங்க. பிள்ளைய பயப்படுதுவ" என்றான். நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னான் என்று அம்மா சொன்னாள். மாமா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். உடலருகே நின்றார். கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

நான் வீட்டில் இருந்தேன். ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"கேக்காம எப்படி மோளே தொடுது?"

பிறகு அவர் எந்த மரிச்ச வீட்டுக்கும் போகவில்லை. ஆள் வந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று அம்மா சொல்லி அனுப்பினாள். ரப்பர் பால் எடுத்து முடித்ததும் அவருக்கு நாள் முடிந்துவிடுகிறது. உட்கார்ந்திருக்கிறார்.

அவளை அழைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று சொற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். மறுமுனையில் அவள் எடுத்ததும், "மக்கா! படம் பாத்தியா? அங்க ஆளுவ என்ன சொல்லுதாவ?" என்றாள். கணவாய்க்குத் தெற்கே முதல் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது. அதைப் பற்றி மகிழ்ச்சியோடு கேட்டாள். எந்த இடத்தில் சிரித்தார்கள், யார் முதலில் சொன்னது, என்ன சொல் சொன்னான்.

நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அடுக்கி வைத்த சொற்கள் கலைந்துபோயின. பையன்கள் கூப்பிடுவதைச் சொன்னேன். அவள் அமைதியானாள். அது எனக்குத் தெரிந்த அமைதி. அவளுடைய கையில் ஏதாவது தின்பண்டம் இருந்திருந்தால் அது அப்போது பாதியில் நின்றிருக்கும். ஆசிரியர் வீட்டு வாசலைச் சொன்னேன்.

"பொறவு?"

சொன்னேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லியே பழகியிருந்தேன். நீட்டிய கை பாதியில் நின்றதைச் சொன்னேன். மாமா சொன்னதையும் சொன்னேன். மறுமுனையில் ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது கேட்டது.

தனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்றாள். அதை நம்புகிறேன். மாமாவின் பெயர் எங்கேயும் இல்லையே என்றாள். ஆட்களுக்கு அந்தப் பாத்திரம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். சும்மா தெரிந்து வைப்பதற்கு என்று அன்று சொன்னாயே என்றேன். அப்போது அது சும்மாதான் இருந்தது என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிகுந்த தயக்கத்தோடு கேட்டாள்.

"மக்கா, ரெண்டாம் பாகத்துக்குப் பேசிட்டு இருக்காவ. இப்பம் நீ சொன்னியே, கை பாதியில நின்னது. இத எடுத்துக்கிடட்டா?"

அவள் என்னிடம் எதையாவது எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது அதுவே முதல் தடவை. கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். வேண்டாம் என்றேன். எனக்கு அதைச் சொல்ல வாய் இருந்தது. "செரி மக்கா, எடுக்கல்ல" என்றாள். அந்தச் சரியை நான் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. இனி அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தால், எல்லோரும் கொலைகாரன் யார் என்று பார்ப்பார்கள். நானோ, நீட்டிய ஒரு கை பாதியில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை எழுதி முடித்ததும் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ரப்பர் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். ஓர் இடத்தை எடுத்துவிடச் சொன்னார். அது மரித்துப்போன ஒருவரைப் பற்றியது. எடுத்துவிட்டேன். மற்றவை இருக்கட்டும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவளுக்க பேர மட்டும் போடாண்டாம் மோளே" என்றார். முதலில் நான் அவள் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்தே எழுதியிருந்தேன்.

அவள் உங்களிடம் கேட்டாளா என்றேன்.

"கேக்கல்ல" என்றார். "ஆனாலும் அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சி எல்லாம் இருக்கு இல்லியா. ஆளுவ பேசுவாவ."

பெயரை அடித்துவிட்டேன். எனக்கு அதில் சம்மதமில்லை. மாமா கேட்டுக்கொண்டார், அதனால்தான்.